ஆடுகளுக்கு வெந்நீர்

பிப்ரவரி 4, செவ்வாய்

முப்பது அடுப்புகளும் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்துவிட்டன. என் பெட்டிதான் வரவில்லை. கோயமுத்தூரில் போட்டுக்கொண்டு கிளம்பிய சுடிதாரோடு இது மூன்றாவது நாள்.

ஊர் பெயர் அகோர்கோபே. கானா நாட்டின் கிழக்கு ஓரம். செம்மண் தெரு, தகரக் கூரை, வீட்டுக்கு ஒரு மாமரம், மாமரத்துக்கு நாலு ஆடு. நான் தங்கும் அறை மூன்று கிலோமீட்டர் தள்ளி, பஸ் நிற்கும் முக்குரோட்டில் இருக்கிறது. அங்கிருந்து பைக் டாக்ஸியில் வரவேண்டும்.

ஊருக்குள் நுழைந்ததுமே சின்னப் பிள்ளைகள் "யெவு! யெவு!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்கள். அப்படியென்றால் என்ன என்று ஜிஃபாவிடம் கேட்டேன். "வெள்ளைக்காரி" என்றாள். முப்பத்தாறு வருடத்தில் யாரும் என்னை வெள்ளை என்று சொன்னதில்லை. பெண் பார்க்க வந்துபோன ஏழு குடும்பங்களும் இதற்குச் சாட்சி.

ஜிஃபா எங்களுடைய மொழிபெயர்ப்பாளர். என் வயதுதான் இருக்கும். வீட்டில் தையல் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். ஆங்கிலம் என்னைவிட நன்றாகப் பேசுகிறாள். நான் செவ்வாய்க்கிழமை பிறந்தவள் என்று தெரிந்ததும், "அப்போ உங்க பேரு அப்லா. இங்க செவ்வாய்க்கிழமை பொறந்த பொண்ணுங்க எல்லாருக்கும் அதுதான் பேரு" என்றாள். சாயங்காலத்துக்குள் கோகிலவாணி ஒழிந்தாள், ஊரெல்லாம் அப்லா. செவ்வாய் எந்த வீட்டில் இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

இன்று அடுப்புகளைக் கொடுத்து முடித்தோம். முதல் நோட்டு இது என்பதால் விவரமாக எழுதி வைக்கிறேன்.

அடுப்பு முழங்கால் உயர எவர்சில்வர் உருளை. எண்ணெய்ப்பனைக் கொட்டையின் ஓட்டையும் மரத்தூளையும் அழுத்திச் செய்த, சுண்டுவிரல் நீளக் கட்டிகள்தான் எரிபொருள். அடியில் ஒரு குட்டி விசிறி. கூரையில் சூரியத் தகடு, சுவரில் பாட்டரிப் பெட்டி. அதில் ஒரு விளக்கு, போன் சார்ஜ் போட ஒரு துளை, விசிறிக்கு ஒரு வயர். விசிறி காற்றைத் தள்ளினால் கட்டிகள் புகையே இல்லாமல் நீலமாக எரியும். ஆய்வுக்கூடத்தில் ஐந்து லிட்டர் தண்ணீர் பத்தொன்பது நிமிடத்தில் கொதித்தது. நாற்பது தடவை வைத்துப் பார்த்திருக்கிறேன், நாற்பது தடவையும் பத்தொன்பது.

வடிவமைத்தது நான். பெருமைக்காக எழுதவில்லை, பதிவுக்காக.

பன்னிரண்டு வாரச் சோதனை. ஒவ்வொரு அடுப்பிலும் பொத்தான் அளவு வெப்பப் பதிவி ஒட்டியிருக்கிறது; எப்போது சூடானது, எவ்வளவு நேரம் என்று அதுவே குறித்துக்கொள்ளும். முப்பதில் இருபது வீடுகளாவது தினமும் பயன்படுத்தினால், நிதி கொடுப்பவர்கள் இன்னும் நானூறு வீடுகளுக்குக் கொடுப்பார்கள். அடுப்புகள் கோயமுத்தூரில் எங்கள் பட்டறையில் தயாராகும். பட்டறை முதலாளி கிருபாகரன் சார் புது ஷெட்டுக்கு இடம்கூடப் பார்த்துவிட்டார்.

அடுப்பைப் பற்ற வைத்துக் காட்டியபோது எல்லோரும் மரியாதையாகக் கை தட்டினார்கள். விளக்கைப் போட்டுக் காட்டியபோது கூரை பிய்ந்துபோகிற அளவு சத்தம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பெட்டி வந்தது. உள்ளே ஊறுகாய் பாட்டில் உடைந்திருக்கிறது. என்னிடம் இப்போது எலுமிச்சை வாசனையுள்ள ஆறு சுடிதார்கள் இருக்கின்றன.

பிப்ரவரி 18, செவ்வாய்

முதல் கருத்துக்கேட்பு. வீடு வீடாகப் போனோம்.

ஊரில் பெரிய விசேஷங்களுக்கெல்லாம் சமைக்கிறவள் என்யோனம். தோள் இரண்டும் எருமைத் தோள். அடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதும் கையை நீட்டி, மடக்கி, காலை அகட்டி வைத்துக்காட்டி, நாலைந்து நிமிடம் பேசினாள். பேசி முடித்து ஒரு பெருமூச்சும் விட்டாள்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"நல்லா இருக்காம்" என்றாள் ஜிஃபா.

"இவ்வளவு நேரம் பேசினாங்களே?"

"ரொம்ப நல்லா இருக்காம்."

ஏவே மொழி கொஞ்சம் நீளமான மொழி போலிருக்கிறது. முப்பது வீட்டிலும் "ரொம்ப நல்லா இருக்கு". எழுதி எழுதிக் கை வலித்ததால் 'மேற்படி' என்று குறி போட்டுவிட்டேன்.

ஒன்று கவனித்தேன். பல வீடுகளில் ஆடுகளுக்கு ஆவி பறக்க வெந்நீர் ஆற வைத்திருக்கிறார்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர் குடிக்கிற ஆடுகளை இப்போதுதான் பார்க்கிறேன். என்ன சுகாதார உணர்வு!

பிப்ரவரி 22, சனி

இரண்டு அடுப்புகளில் விசிறி மாட்டும் கொக்கி விட்டுப்போய்விட்டது. முக்குரோட்டில் செலோம் என்பவரின் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு போனேன். நாற்பது வயதுக்குள் இருக்கும். அடுப்பைக் கையில் வாங்கித் தலைகீழாகத் திருப்பி, மடியில் வைத்துத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார், வைத்தியர்போல. "அழகா இருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "இதுல யாராவது சமைச்சாங்களா?" என்றார்.

சிரிப்பதற்காகச் சொன்னாரா தெரியவில்லை. வேலை சுத்தம்.

மார்ச் 3, திங்கள்

மூன்று வாரப் பதிவுகளை லேப்டாப்பில் இறக்கினேன். முப்பதில் இருபத்தெட்டு வீடுகள்! தினமும்! காலை ஆறே முக்கால், மாலை மூன்றே முக்கால், கோயில் மணி அடித்ததுபோல ஒரே நேரம். நான் ஏழு மணிக்கும் நாலு மணிக்கும் போகிறபோதெல்லாம் எப்படி எல்லா அடுப்பும் எரிகிறது என்று அப்போதே வியந்தேன்.

கிருபாகரன் சாருக்கும் நிதி கொடுக்கும் அமைப்புக்கும் அனுப்பினேன். சார் போனில், "அம்மா கோகிலவாணி, நீங்க வரும்போது ஏர்போர்ட்டுக்கு மாலையோட வர்றேன்மா" என்றார்.

மார்ச் 7, வெள்ளி

செலோம் பட்டறைக்குப் போனேன். ஒரு திருகாணி தேவைப்பட்டது.

மார்ச் 10, திங்கள்

செலோம் பட்டறை. வெள்ளிக்கிழமை வாங்கிய திருகாணி அளவு சரியில்லை. அது சரியான அளவுதான் என்று மாட்டிப் பார்த்தபோது தெரிந்தது. எப்படியோ, போய்வந்தாயிற்று.

மார்ச் 12, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் ஜிஃபா வீட்டில் குடையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். வெயில் தாங்காமல் எடுக்கப் போனேன். மதியம் பன்னிரண்டு மணி. நான் அந்த நேரத்தில் அந்த ஊருக்குள் போனதே இல்லை.

பைக் ஊருக்குள் திரும்பும்போதே பார்த்தேன். வீடுகளின் பின்பக்கம் எல்லாம் புகை. ஒன்றிரண்டு அல்ல, எண்ண முடியாத அளவு.

ஜிஃபா வீட்டுப் பின்கட்டில் மூன்று கல் வைத்த அடுப்பு. அதன்மேல் கரி பிடித்த பானை. ஜிஃபா முக்காலியில் உட்கார்ந்து, பானையின் இரண்டு பக்கமும் கால் கொடுத்து, துடுப்பால் மாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள். இங்கே எல்லோரும் தினமும் தின்கிற அக்ப்லே. சோளமாவும் மரவள்ளி மாவும் போட்டுக் கிண்டும் களி. புகையில் கண் இரண்டும் சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தது. என் அடுப்பு சுவரோரம் பளபளவென்று நின்றது. அதன்மேல் ஒரு பாத்திரம். பக்கத்தில் ஒரு ஆடு காத்திருந்தது.

"எத்தனை வீட்ல இப்படி?" என்று கேட்டேன்.

அவள் துடுப்பை விடவில்லை. விட்டால் கட்டி தட்டிவிடும். கிண்டிக்கொண்டே, "எல்லா வீட்லயும்" என்றாள்.

"அப்போ காலையிலயும் சாயங்காலமும் எரிஞ்சது?"

"நீங்க வர்றதுக்குக் கால் மணி முன்னாடி தண்ணி வைப்போம்."

"அந்தத் தண்ணிய?"

அவள் ஆட்டைப் பார்த்தாள். ஆடு என்னைப் பார்த்தது.

குடையை எடுக்காமலே வந்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 14, வெள்ளி

துணி துவைத்தேன். தலைக்குக் குளித்தேன். அறையைக் கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன்.

மார்ச் 15, சனி

மத்தியானம் ஜிஃபா அறைக்கு வந்தாள். கையில் என் குடை. உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே பேசினாள்.

"மூணு வருஷம் முன்னாடி வேற ஒரு கம்பெனி வந்தாங்க. வெயில்ல வெச்சுச் சமைக்கிற பெட்டி கொடுத்தாங்க. வீட்டுக்கு ஒரு விளக்கும் கொடுத்தாங்க. பெட்டி எப்படி இருக்குன்னு கேட்டாங்க. நாங்க உண்மையைச் சொன்னோம். களி கிண்ட முடியல, மேகம் போட்டா சோறு வேகலன்னு. அடுத்த வாரம் லாரி வந்துச்சு. பெட்டியை ஏத்தினாங்க. விளக்கையும் ஏத்தினாங்க."

குடையை வாங்கி மூலையில் சாத்தினேன்.

"நான் இருட்டினப்புறம்தான் தைக்கிறேன். பகல்ல உங்களோட சுத்துறேன் இல்லையா? அந்த விளக்கு இருந்தா ஒரு நாளைக்கு ரெண்டு சட்டை கூடுதலா முடியுது. என்யோனம் அந்த வெளிச்சத்துல மீன் வறுத்து விக்கிறா. அடுப்பு வேண்டாம்னா விளக்கு போயிடும். அதான் எல்லாரும் கூடிப் பேசி முடிவு பண்ணினோம். மொழிபெயர்ப்பு என் பொறுப்பு."

"என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க எழுதியிருப்பீங்க. நீங்க எல்லாத்தையும் எழுதுறீங்க."

அது உண்மைதான். இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு அவள் இன்னொன்றும் சொன்னாள். "உங்களுக்கும் வருத்தமா இருக்கும்னு நெனச்சோம் அப்லா. அந்த அடுப்பைத் துடைக்கும்போது உங்க மூஞ்சியைப் பார்த்திருக்கோம்."

அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். தேநீர் போடும் சாக்கில் திரும்பிக்கொண்டேன். இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து குடித்தோம். அவள் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டாள்.

ஆங்கிலத்தில் 'நீ'யும் 'நீங்க'வும் ஒன்றுதான். ஆனால் இந்த நோட்டில் நான் அவளை 'நீங்க' சொல்ல வைத்து எழுதிவந்திருக்கிறேன். இனி அவள் பேசுவதை 'நீ' என்றே எழுதப்போகிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

அம்மா காங்கேயத்திலிருந்து போன் செய்தாள். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், சொல்லிவிட்டேன்.

"என்ன அம்மிணி கிண்டறாங்க? நம்ம ராகிக் களியாட்டமா?"

"ஆமாம்மா. அதவிடக் கெட்டி."

"உன்ற அடுப்பு எத்தன ஒசரம்?"

"முழங்கால் அளவும்மா."

"ஏனுங் கண்ணு, களி கிண்டற அடுப்ப யாராச்சும் முழங்கா ஒசரத்துக்கு வெப்பாங்களா? கவுந்துருமல்லோ."

"தண்ணி பத்தொன்பது நிமிஷத்துல கொதிக்குதும்மா."

"தண்ணியவா திங்கறாங்க?"

பொறியியல் கல்லூரியில் நாலு வருடம், ஆய்வுக்கூடத்தில் பதினொரு வருடம். ஒரு கேள்வியில் முடித்துவிட்டு, மழை வந்ததா, சாப்பிட்டாயா என்று போய்விட்டாள்.

மார்ச் 17, திங்கள்

இன்று என் அடுப்பில் நானே களி கிண்டினேன். ஜிஃபா வீட்டில். வேடிக்கை பார்க்கப் பாதி ஊர் வந்துவிட்டது.

முதல் ஐந்து நிமிடம் சரியாகத்தான் இருந்தது. மாவு இறுகத் தொடங்கியதும் துடுப்பைச் சுற்றினால் பானையும் சுற்றியது, பானையோடு அடுப்பும் சுற்றியது. நான் ஒரு கையால் பிடித்தேன். எட்டாவது நிமிடம் எல்லாம் கவிழ்ந்தது. மணிக்கட்டில் ஒரு ரூபாய் அளவு கொப்புளம், சுடிதாரெல்லாம் மாவு, தரையெல்லாம் நெருப்புக் கட்டிகள்.

கொப்புளம் சின்னதுதான் என்று தெரிந்ததும் என்யோனம் சிரிக்கத் தொடங்கினாள். அப்புறம் எல்லோரும். நானும்தான். ஜிஃபா கற்றாழையை உடைத்துத் தடவிக்கொண்டே, "என்யோனம் அன்னைக்குச் சொன்னது இதுதான். அஞ்சு நிமிஷமும்" என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

கிருபாகரன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"பதிவுல இருபத்தெட்டு வீடுன்னு இருக்கில்லமா?"

"இருக்குங்க சார்."

"அது பொய்யில்லையே. அடுப்பு சூடாச்சு, பதிவி எழுதிச்சு. அடுத்த மாசம் நிதி கொடுக்கிற அந்தம்மா வந்து பார்க்கட்டும். நானூறு அடுப்பு ஆர்டர் வரட்டும். அப்புறம் மெதுவா மாத்திக்கலாம்."

எனக்கும் அது தோன்றாமல் இல்லை. நேற்று ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தேன் என்பதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். நானூறு பளபளப்பான உருளைகள், நானூறு வீட்டு ஆடுகளுக்கு வெந்நீர்.

"சார், நான் நிஜப் பதிவைத்தான் கொடுக்கப் போறேனுங்க. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அடுப்பு ஜெயிச்சாலும் தோத்தாலும் சூரியத் தகடும் விளக்கும் அந்தந்த வீட்டுக்கே சொந்தம்னு ஒரு கடிதம் வேணும். உங்க கையெழுத்தோட."

"விளக்குக்கும் அடுப்புக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"இல்லைங்க சார். அதைத்தான் எழுதிக் கொடுங்கன்னு கேக்கறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றார். குரல் நன்றாக இல்லை.

மார்ச் 19, புதன்

பதில் இல்லை. மணிக்கட்டு எரிகிறது.

மார்ச் 21, வெள்ளி

கடிதம் மின்னஞ்சலில் வந்தது! கீழே கையால் ஒரு வரி: 'என் மனைவியும் அந்த அடுப்பில் ஒருநாள் களி கிண்டிப் பார்த்தாள். தரை ஓடு இரண்டு உடைந்துவிட்டது. நீங்கள் சொல்வது சரி.'

முக்குரோட்டில் முப்பது பிரதி எடுத்தேன்.

மார்ச் 22, சனி

மாமரத்தடியில் கூட்டம். ஜிஃபா கடிதத்தை ஏவேயில் வாசித்தாள். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். பிரதியை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். பிறகு ஜிஃபா என்னைப் பார்த்து, "இப்போ கேளு. அடுப்பு எப்படி இருக்குன்னு கேளு" என்றாள்.

கேட்டேன்.

அப்பப்பா. ஆறு வாரமாக அடைத்து வைத்திருந்த மடை திறந்தது. உயரம் அதிகம். எடை போதாது. பெரிய பானை உட்காரவில்லை. சமையல் நடுவில் எரிகட்டி போட வழியில்லை. போன் சார்ஜ் போட்டால் விசிறி நின்றுவிடுகிறது. கால்பந்து ஆட்டத்தன்று வீட்டுக்காரன் பாட்டரியில் ரேடியோவை மாட்டிவிடுகிறான், சமையல் பாதியில் நிற்கிறது. ஒருத்தி, அந்த எவர்சில்வரில் தன் முகம் கோணலாகத் தெரிகிறது என்றாள். ஜிஃபா ஒன்றையும் விடாமல் சொன்னாள், திட்டியதைக்கூட. ஒரு நோட்டு தீர்ந்து இரண்டாவது நோட்டுக்குப் போனேன்.

நல்லதும் சொன்னார்கள். புகை இல்லை என்பது பொய்யில்லையாம். கண் எரியாமல் களி கிண்ட முடிந்தால் யார் வேண்டாம் என்பார்கள் என்று கேட்டாள் என்யோனம். அந்தக் கேள்வியைத் தனிப் பக்கத்தில் பெரிதாக எழுதினேன்.

மார்ச் 25, செவ்வாய்

செலோம் பட்டறை. இந்த முறை நிஜமாகவே வேலை இருந்தது.

நான், செலோம், ஜிஃபா, என்யோனம். என்யோனம் தன் முக்காலியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "இதுல நான் உட்கார்ந்தா பானை எங்க இருக்கணுமோ அங்க வெச்சு வெட்டு" என்றாள். செலோம் சாக்குக்கட்டியால் என் உருளையின்மேல் கோடு போட்டார். கிட்டத்தட்டப் பாதியில்.

"வெட்டட்டுமா?" என்று என்னைக் கேட்டார். அவசரப்படுத்தவில்லை. வெட்டும் மிஷினைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"வெட்டுங்க" என்றேன். பொறி பறந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணுக்குப் பாதுகாப்புதான்.

மார்ச் 29, சனி

பழைய லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையம் ஒன்றை அடியில் வைத்து வெல்டிங் செய்தாயிற்று. பானைக் காதுகளைப் பிடிக்க இரண்டு கொக்கிகள். ஆனாலும் வேகமாகக் கிண்டினால் அசைகிறது.

என்யோனம் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வளையத்தின் இரண்டு பக்கமும் தன் பாதங்களை வைத்து மிதித்தாள். செலோம் ஒரு இரும்புத் தகட்டை எடுத்து அவள் பாதத்தின் அடியில் வைத்து அளவு எடுத்தார்.

கிண்டுகிறவளே தன் எடையால் அடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள்! அடுப்பின் எடையைக் கூட்டக் கூட்டத் தூக்க முடியாதே என்று நான் மூன்று நாளாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

விசிறிக்குத் தனி ஸ்விட்ச். பாட்டரி கால்வாசிக்குக் கீழே போனால் ரேடியோ நிற்கும், விசிறி நிற்காது. ஊர் ஆண்களிடமிருந்து எதிர்ப்பு. பெண்களிடமிருந்து எனக்கு ஒரு கூடை மாங்காய்.

தண்ணீர் இப்போது ஐந்து லிட்டர் கொதிக்க இருபத்தாறு நிமிடம். பத்தொன்பது போய்விட்டது. ஒரு பொழுது சோறு இறங்கவில்லை. அப்புறம் இறங்கியது.

ஏப்ரல் 8, செவ்வாய்

சோதனை. பட்டறை வாசலில். இருபது பேருக்கான பானை. என்யோனம் சேலை கட்டுவதுபோலத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தகட்டில். துடுப்பைப் பானையில் விட்டு, பகையாளியை அடிக்கிறமாதிரி அடித்தாள். மாவு இறுகியது. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. பானை முனகியது. அடுப்பு அசையவில்லை.

இருபது நிமிடம். புகை இல்லை. இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தாள். அவள் சொன்னது ஒரே ஒரு சொல்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

ஜிஃபா நிதானமாக யோசித்துவிட்டு, "ம், பரவாயில்லையாம்" என்றாள்.

'ரொம்ப நல்லா இருக்கு' என்று முப்பது வீட்டில் எழுதியபோது வராத சந்தோஷம்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி செய்தேன். இங்கேயும் வேப்பமரம் உண்டு, பூவும் கிடைத்தது. புது அடுப்பில்தான். ஜிஃபா ஒரு வாய் வைத்துவிட்டு, "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டாள். செலோம் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். பிடித்ததா, மரியாதையா என்று தெரியவில்லை. இந்த ஊரில் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

நிதி கொடுக்கும் அமைப்பிலிருந்து திருமதி குவார்ட்டி வந்தார். தலைநகர்க்காரர், வெடுக்கென்று பேசுகிறவர். கார் கதவைச் சாத்தும்போதே, "இருபத்தெட்டு வீடுன்னு எழுதியிருந்தீங்க, இவ்வளவு நல்ல பதிவு எந்த நாட்டுலயும் எனக்கு வந்ததில்லை" என்றார்.

"அது தப்புங்க மேடம்" என்றேன். "நிஜமா அந்த முதல் அடுப்புல முழுச் சமையலும் சமைச்ச வீடு ஒண்ணுகூட இல்ல."

வெந்நீர்க் கதையைச் சொன்னேன். பழைய கம்பெனி விளக்கை எடுத்துக்கொண்டு போனதையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்போ பன்னிரண்டு வாரச் சோதனையும் வீணா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜிஃபா முன்னால் வந்தாள். "மேடம், உங்கள மாதிரி ஆளுங்க பல தடவ வந்து எங்ககிட்ட கேட்டிருக்காங்க. நாங்க என்ன சொன்னா என்ன ஆகும்னு பயமில்லாம பதில் சொன்னது இந்தத் தடவைதான். அது வீணான்னு நீங்களே சொல்லுங்க."

திருமதி குவார்ட்டி அவளையே பார்த்தார். பிறகு மதியம் தங்கியிருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்றார். அவரே துடுப்பை வாங்கிப் புது அடுப்பின் முன் உட்கார்ந்தார். சின்ன வயதில் கிண்டியதாம். மூன்று நிமிடத்தில் மூச்சு வாங்கியது. என்யோனம் தயவுதாட்சண்யம் இல்லாமல், "காலை அழுத்து, காலை!" என்று அதட்டினாள். அவரும் அழுத்தினார்.

கிளம்பும்போது, "யோசிச்சு எழுதுறேன்" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 23, புதன்

கடிதம் இல்லை. ஜிஃபா வீட்டில் பொத்தான் தைக்க உதவினேன். அவளுக்கு உதவியாக இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள். இப்போதெல்லாம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வந்துவிட்டது.

முதல் அடுப்பு தோல்வி என்று பதிவு செய்யப்படும். நானூறு அடுப்பு இல்லை. அதற்குப் பதில் புது அடுப்பு அறுபது, ஆறு மாதச் சோதனை. அறுபதும் செலோம் பட்டறையிலேயே செய்யப்படவேண்டும். கருத்துக்கேட்பை ஜிஃபா தன் பொறுப்பில் நடத்தவேண்டும், சம்பளம் என் சம்பளத்தின் அளவுக்கு. வரைபடத்தில் வடிவமைத்தவர் பெயர் என்ற இடத்தில் மூன்று பெயர் போடச் சொல்லியிருக்கிறார்: என்யோனம், செலோம், கோகிலவாணி. நான் மூன்றாவது. வரிசை சரிதான்.

என்யோனத்திடம் சொன்னபோது, தன் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று காட்டச் சொன்னாள். எழுத்து எழுத்தாக விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய், மூன்று கல் அடுப்பிலிருந்து ஒரு கல்லை உருட்டி வெளியே தள்ளினாள். "ரெண்டு இருக்கட்டும். உங்களை முழுசா நம்பிட முடியாது" என்றாள்.

கிருபாகரன் சாருக்குப் புது ஷெட் போயிற்று. ஆனாலும், "பரவால்லம்மா. அடுத்து நம்ம பக்கத்துக் களிக்கு ஒரு அடுப்பு செய்வோம்" என்றார். "வேலை முடிஞ்சாச்சே, டிக்கெட் போடட்டுமா?" என்றும் கேட்டார்.

வெல்டிங் அளவுகளைச் சரிபார்க்க ஆள் வேண்டும், ஆறு மாதமும் நான் இங்கே இருப்பதுதான் சோதனைக்கு நல்லது என்று விளக்கினேன். அவர் ஒப்புக்கொண்டார்.

ஏப்ரல் 30, புதன்

அம்மாவிடமும் அதையே சொன்னேன். அளவுகள், தகட்டின் கனம், பற்றவைப்பின் தரம், அடுப்புக்கு அடுப்பு வித்தியாசம் வந்துவிடக்கூடாது என்பது. அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"அம்மிணி, அந்தச் செலோம்ங்கறவருக்கு வெல்டிங்கு நல்லா வருமா?"

"அருமையா வரும்மா."

"அளவெல்லாஞ் சரியா எடுப்பாரா?"

"ஒரு நூல் பிசகாதும்மா."

"அப்பறம் நீ எதுக்குச் சரிபாக்கோணும்?"

அம்மா சிரிப்பது கேட்டது. இங்கே பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்த ஜிஃபா, தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாதவள், ஊசியை நிறுத்திவிட்டு, "உன் அம்மா என்ன கேட்டாங்க?" என்றாள்.

"நல்லா இருக்கியான்னு கேட்டாங்க" என்றேன்.

"இவ்வளவு நேரமா?"

"ரொம்ப நல்லா இருக்கியான்னு கேட்டாங்க."